திமிறும் குதிரைக்கு எந்த வாய்க்கம்பி?

இன்று காலை, இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பாதையில் நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதுமே, எனக்கு முன்னால் சென்ற அயர்லாந்துக் குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதன் மேலிருந்த தோழி கடிவாள வாரை இழுக்க இழுக்க, அது வாயைத் திறந்து, அந்தப் பிடியின் மீதே சாய்ந்து வேகத்தைக் கூட்டியது.

ஒருவழியாக நின்றதும், "இதைவிடக் கடுமையான வாய்க்கம்பி வாங்க வேண்டும்" என்றார். கடிவாள வாரோடு இணைந்து குதிரையின் வாய்க்குள் இருக்கும் கம்பியைத்தான் சொன்னார்.

நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. நாக்கின் மீதும், அங்கே மெல்லிய தோல் மட்டுமே மூடியிருக்கும் தாடை எலும்பின் மீதும்தான் கம்பி அமர்கிறது.

ஸ்னாஃபிள் என்ற எளிய வகைக் கம்பி கையின் இழுப்பை நேராக வாய்க்குக் கடத்துகிறது. பெலம் என்ற இன்னொரு வகை நெம்புகோலைப் போல அதைப் பெருக்கி, தாடைக்கடியில் உள்ள சங்கிலியாலும் உச்சந்தலைப் பட்டையாலும் அழுத்துகிறது. ஆனாலும் திறந்த வெளிக்கு நான் பரிந்துரைப்பது இரட்டை வாருடைய பெலத்தைத்தான். ஸ்னாஃபிளைப் போல வேலை செய்யும் மேல் வாரிலேயே சவாரி செய்துகொண்டு, நெம்பும் கீழ் வாரைத் தேவைப்படும் கணத்தில் மட்டும் தொட்டு, உடனே தளர்த்திவிடலாம். விடாமல் இழுக்கும் கைகளுக்கு அது ஆகாது.

கம்பியை மாற்றுவதற்கு முன்பே பற்களையும், சேணம் முதுகில் அழுத்துகிறதா என்பதையும், உழைப்புக்கு மிஞ்சித் தீனி போகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும், ஏனெனில் வலியில் ஓடும் குதிரைக்குக் கடுமையான கம்பி மேலும் வலியையே தரும்.

முதலில் பல் மருத்துவரை அழைக்கத் தோழி ஒப்புக்கொண்டார். புதிய கம்பி எதுவானாலும், வேலியிட்ட திடலில் பழக்கிய பிறகே காட்டுக்குக் கொண்டுவருவதாகவும் சொன்னார்.