குளியலறை வாசப்படிக்கு ஒரு பொட்டு

சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கு போய், அங்கிருந்து மூன்று இரவு கப்பல் பயணம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன் பாப்பா, குளிக்கிற எடத்துல புடிச்சுக்க ஏதாச்சும் இருக்குமா?"

அம்மாவுக்கு 76 வயது. முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முட்டிகள். என் வீட்டுக்காரருக்கோ இரவில் மூச்சு தடைபடாமலிருக்க மூக்கில் மாட்டிக்கொள்ளும் சீபேப் மெஷின் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் விடும் குறட்டையில் லயமே, அதாவது தோட்டத்து வீட்டு வரிசையே, எழுந்து உட்கார்ந்துவிடும். ஆக, எங்கள் மூட்டைகளைப் பார்த்தால் பெண் வீட்டுச் சீர் போலிருந்தது. மடக்கும் சக்கர நாற்காலி, தோங்காட் (கைத்தடி), கோடாலித் தைலம், காந்தக் கொக்கி பத்து, மஞ்சள் டேப், அப்புறம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்கு வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி, "கப்பல்ல துணி தொவைக்கப் போறீங்களா?" என்றான்.

பினாங்கில் கப்பல் ஏறும் சுவெட்டன்ஹாம் துறையில் முக்காலியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடித்து வைத்ததெல்லாம் நான் பெருமையாக வாங்கியவை: மின்சாரக் கெட்டில், நான்கு பிளக் குத்தும், மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் வைத்த எக்ஸ்டென்ஷன். கப்பலின் மின்சார அமைப்பு வீட்டில் இருப்பதைப் போல இல்லையாம். அந்த வகை எக்ஸ்டென்ஷன் சூடேறித் தீப்பிடிக்கலாமாம். சீபேப்புக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களே வயரும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கொடுத்திருப்பார்களாம். எனக்கும் தெரியும். படித்தேன், மறந்தேன். ஒரு சீட்டு கொடுத்தார்கள், இறங்கும்போது வாங்கிக்கொள்ள.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல். எல்லாரும் அவரவருக்குச் சொன்ன இடத்தில் போய்க் கூடினோம். அம்மா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னடி இது, பெரட்டா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதேதான். பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலையாட்களைக் கூட்டிப் பேர் வாசிப்பது; விடியுமுன் களத்தில் கிராணி, அதாவது கணக்கர், வாசிப்பார். இங்கே ஒரு பிலிப்பினோ பையன் அறை எண் வாசிக்கிறான். எங்கள் எண் வந்ததும் அம்மா கை தூக்கி, "வந்தாச்சு!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த சீனப் பாட்டியும் கை தூக்கிவிட்டார்.

அறைக் கதவு ரொம்பக் குறுகல். நாற்காலியை மடக்கித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. நடைபாதையில் விடவும் கூடாது, ஆபத்து நேரத்தில் வழி மறிக்குமாம். அகலக் கதவு வைத்த அறையும் உண்டு. அதற்கு முன்பே கேட்டுப் பதிய வேண்டும். (மேலே "மறந்தேன்" என்று எழுதியதை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும்.)

பிளக் பாயிண்ட் மேசைப் பக்கம், தலையணை எதிர்ப் பக்கம். அதனால் முதல் ராத்திரி வீட்டுக்காரர் கால் மாட்டில் தலை வைத்துப் படுத்தார். தூக்கத்தில் எழுந்து கப்பல் திரும்பிவிட்டது என்றார். வயர் மறுநாள் காலைதான் வந்தது.

காந்தக் கொக்கிகள் மட்டும் என் மானத்தைக் காப்பாற்றின. சுவரெல்லாம் இரும்பு, எங்கே வைத்தாலும் ஒட்டிக்கொள்கிறது. மருந்துப் பை, தோங்காட், ஈரத் துண்டு, கடைசியில் முருகன் படமும் தொங்கியது.

குளியலறைக்கு அரை அடி உயரத்தில் ஒரு தடுப்பு. தண்ணீர் வெளியே வராமலிருக்க. இருட்டில் அம்மா தடுக்கிவிடக் கூடாதே என்று அதன்மேல் மஞ்சள் டேப்பை நீளமாக ஒட்டினேன். காலையில் பார்த்தால், அந்த மஞ்சளின் மேல் சரியான இடைவெளியில் மூன்று குங்குமப் பொட்டு.

"வாசப்படிக்கு மஞ்சள் பூசிட்டு சும்மா வுட்டா எப்படி?" என்றார், சிவப்பு முக்காலியில் உட்கார்ந்து தலை துவட்டியபடி.

அறையைச் சுத்தம் செய்யும் பையன் அன்று முதல் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. தாண்டித் தாண்டிப் போனான். மறுநாள் மாலை கட்டிலில் துண்டை மடித்து யானை செய்து வைத்திருந்தான். அதற்கும் பொட்டு விழுந்தது.

இறங்கும்போது சீட்டைக் கொடுக்கப் போனால் நீண்ட வரிசை. ஆளாளுக்குக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி. ஒருவர் மின்சாரச் சோற்றுச் சட்டியையே திரும்ப வாங்கினார். அம்மா மடியில் முக்காலியை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதை மட்டும் ஏன் புடிச்சு வைக்கல?" என்று கேட்டார், கொஞ்சம் வருத்தமாக.