சிகாகோவில் நீங்கள் எந்தப் பக்கம்?

சிகாகோவுக்கு வந்த புதிதில் யாரும் என் தெருப் பெயரைக் கேட்கவில்லை. "எந்த நெய்பர்ஹுட்?" என்றுதான் கேட்டார்கள். வெஸ்ட் ரிட்ஜ் என்று சொன்னால் நம்மவர்கள் பலர் விழித்தார்கள். அங்கே ஓடும் டெவான் தெருப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்துவிடும். "ஓ, கறிவேப்பிலை கிடைக்கிற இடம்!" அந்தப் பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டும். 'டெ' மெல்ல வந்து, 'வான்' அழுத்தி விழ வேண்டும். மாற்றிச் சொன்னால் புது ஆள் என்று தெரிந்துவிடும்.

திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஒரு கோயில், ஒரு வேப்பமரம், மூடிப்போன ஒரு ரைஸ் மில் மூன்றும் வேண்டும். இங்கே எண்ணே வழி சொல்லிவிடுகிறது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் மூலைதான் பூஜ்யம். 1909-இல் கொண்டுவந்த முறை இது. 800 எண் தாண்டினால் ஒரு மைல். டெவான் 6400 வடக்கு, அப்படியென்றால் நடு ஊரிலிருந்து எட்டு மைல். தெற்கே முதல் மூன்று மைல்களில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். திசை குழம்பினால் ஏரி இருக்கிறது. மிச்சிகன் ஏரி எப்போதும் கிழக்கேதான். இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அப்புறம் கைபேசி வரைபடம் இல்லாமலே நடந்தேன்.

பிடிபடாதது, எண்ணில் எழுதாத கோடுகள்.

நகரத்தை 77 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் வரைந்த வரைபடம்தான் இன்றைக்கும் அடிப்படை. எட்ஜ்வாட்டர் 1980-இல் அப்டவுனை விட்டுத் தனிக்குடித்தனம் போனது. ஆனால் ஆட்கள் வாயில் புழங்கும் பெயர்கள் வேறு. ஸ்வீடன்காரர்கள் குடியேறிய ஆண்டர்சன்வில் அந்த 77-இல் கிடையாது; வரைபடத்தில் அது எட்ஜ்வாட்டருக்குள் அடக்கம். அங்கே போய் "இது எட்ஜ்வாட்டர்தானே?" என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் டெவானில் தெருப் பலகைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் இன்னொரு கௌரவப் பெயர்ப் பலகை தொங்கும். கொஞ்ச தூரம் காந்தி, கொஞ்ச தூரம் ஜின்னா, ஒரு பக்கம் வங்கதேசத்து முஜிப், இன்னொரு பக்கம் இஸ்ரேலின் கோல்டா மேயர். நால்வரும் ஒரே சாலையில். முன்பு யூதக் கடைகள் நிறைந்திருந்த தெரு இது. 1974-இல் பட்டேல் பிரதர்ஸ் முதல் கடையைத் திறந்தது இங்கேதான். சனிக்கிழமை காலையில் மேற்கே நடந்தால் குடும்பம் குடும்பமாகக் கறுப்புக் கோட்டில் யூத வழிபாட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். அதே நேரத்தில் கிழக்கே நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பு விற்கிற கடையில் வரிசை நிற்கும். தமிழ்ச் சத்தம்தான் அபூர்வம். நம்மவர்களில் பலர் நேப்பர்வில், ஷாம்பர்க் என்று புறநகரில் இருக்கிறார்கள். முருங்கைக்காய் வாங்க மட்டும் வந்து, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று திட்டிக்கொண்டே போவார்கள்.

நாங்கள் பிடித்தது பழைய செங்கல் கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர். முதல் ராத்திரி அது டங் டங் என்று அடிக்க, யாரோ குழாயை உடைக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தோம். இப்போது இட்லி மாவு பொங்க அதுதான் கதி. துணி சுற்றிப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தால் ஜனவரியிலும் காலைக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அந்த முதல் ஜனவரியில்தான் நாற்காலி விவகாரம். இங்கே வேண்டாத மேசை, அலமாரியைப் பின் சந்தில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் புத்தக அலமாரியே அப்படி வந்ததுதான். பெரிய பனி பெய்த மறுநாள், தெருவோரம் ஒரு நல்ல மர நாற்காலி தனியாக நின்றது. ஒரு கால்கூட ஆடவில்லை. தூக்கி வந்து, துடைத்து, அதில் உட்கார்ந்து டீயும் குடித்தாகிவிட்டது. கீழ்வீட்டு குஜராத்தி ஆன்ட்டி எதற்கோ வந்தவர் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேட்டி (மகளே), இது யாரோ இடம் போட்ட நாற்காலி!"

விஷயம் இதுதான். கார் நிறுத்த ஒருவர் இரண்டு மணி நேரம் பனியை வாரினால், அந்த இடம் பனி கரையும்வரை அவருடையது. நாற்காலி, வாளி, இஸ்திரிப் பலகை, எதையாவது வைத்து அடையாளம் போடுவார்கள். 'டிப்ஸ்' (dibs) என்று பெயர். சட்டப்படி செல்லாது; ஆனாலும் சட்டத்தை விட அதற்குத்தான் மரியாதை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரையில் வந்த எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். இருட்டியதும் நானும் கணவரும் திருடர்கள் மாதிரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வேன் நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. நாற்காலியைப் பக்கத்துப் பனிக் குவியலில் செருகிவிட்டு ஓடி வந்தோம்.

இன்னொரு கோடு இருக்கிறது. வந்த வாரமே ஒரு தமிழ் நண்பர் சொன்னார்: "என்ன வேணா பண்ணுங்க, சவுத் சைடு பக்கம் மட்டும் போயிடாதீங்க." அவர் போயிருக்கிறாரா என்று கேட்டேன். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

நான் போனேன். 155 பஸ், ரெட் லைன் ரயில், அப்புறம் கார்ஃபீல்டு நிறுத்தத்தில் இறங்கி 55 பஸ். ரயில் சைனாடவுன் தாண்டி நெடுஞ்சாலையின் நடுவே ஓடத் தொடங்கும்போது பெட்டியைப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் இறங்கியிருந்தார்கள். இது தானாக நேர்ந்ததில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவரை ஒரு குறுகிய பட்டைக்குள் அடைத்தது, அவர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம். அந்த ஒப்பந்தங்களை அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. கோடு போகவில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நாம்தான் வந்திறங்கிய மறுநாளே அந்தக் கோட்டைக் கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்துகொள்கிறோம். துப்பாக்கிச் சத்தம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது சில தெருக்களின் கதை. நகரத்தில் பாதியின் கதை இல்லை.

ஹைட் பார்க்கில் இறங்கி நடந்தேன். வானியற்பியலாளர் சந்திரசேகர் நட்சத்திரக் கணக்குப் போட்ட பல்கலைக்கழகம். 1962-இல் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் இங்கே நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப்போய், உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்தார். அதுவும் நண்பர் போகாதே என்ற அதே சவுத் சைடுதான்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். "அக்கா, எந்த ஏரியா சேஃப்?" என்று கேட்டாள். ரெட் லைனில் வடக்கே ஹோவர்டு நிலையத்தில் ஏறி, தெற்கே 95-ஆம் தெரு வரை ஒருமுறை போய்விட்டு வா, பேசலாம் என்றேன். ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது.

"போய்ட்டு வந்துட்டேன் அக்கா. ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல ஒரு நல்ல நாற்காலி கிடக்குது..."

"தொடாதே" என்றேன்.