ஆத்தங்குடியில் கேட்ட ‘க்வைட் நைஸ்’

தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிப் பட்டறையில் அன்று நான் ‘வேண்டாங்கிறாங்கண்ணே’ என்று சொன்னது சரிதானா என்று மனது இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஓட்டலில் தங்கியிருந்து என்னோடு கல் பார்க்க வந்த அந்த வெளிநாட்டு அம்மா ‘வேண்டாம்’ என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பட்டறைக்கார அண்ணன் காய்ந்த கல்லைச் சாய்த்துப் பிடித்து அடியில் இருந்த கண்ணாடியைத் தனியே எடுத்தார். பாலிஷ் எதுவும் கிடையாது, கண்ணாடி மேல் கிடந்த பக்கம் தானாகவே மினுமினுத்தது. அந்த அம்மா பூ வேலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘க்வைட் நைஸ், ஐ வில் பேர் இட் இன் மைண்ட்’ என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பி, ‘என்ன தம்பி சொல்றாங்க?’ என்று கேட்டார்.

சொல்லுக்குச் சொல் சொல்லியிருந்தால், ‘ரொம்ப நல்லா இருக்காம், மனசுல வச்சுக்கிறாங்களாம்’ என்று வந்திருக்கும். அவர் அதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஓட்டல் வரவேற்பில் நின்று பழகியவனுக்குத் தெரியும். இங்கிலாந்துக்காரர் வாயில் ‘க்வைட் நைஸ்’ என்பது பெரும்பாலும் ‘பரவாயில்லை’தான். ‘பேர் இட் இன் மைண்ட்’ என்பதும் பல நேரம் பேச்சை மரியாதையாக முடித்துக்கொள்வது. பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்’ என்று எழுந்திருப்பார்களே, அது மாதிரி.

அச்சுக்குள் சாயச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் பூசி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து எடுக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு கல்லுக்கும் இதே பாடு. வராத ஆர்டரை நம்பி அவர் ஆள் வைத்துவிடக் கூடாதே என்றுதான் அர்த்தத்தைச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

ஆனால் அதைக் கேட்டதும் அண்ணன் சாக்குப் போட்டு மூடியிருந்த மற்ற மாதிரிகளைக் காட்டவே இல்லை. அந்த அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

கானாடுகாத்தானுக்குத் திரும்பும்போது காரில் பேச்சோடு பேச்சாக, பாஸ்டனில் பல வருஷம் இருந்ததாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்காவில் ‘க்வைட் நைஸ்’ என்றால் பெரும்பாலும் நிஜமாகவே ரொம்ப நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்படித் தலைகீழாகப் போகிற சொற்கள் இன்னும் உண்டு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்று லண்டன் கூட்டத்தில் சொன்னால் விவாதத்துக்கு எடுப்பார்கள், அமெரிக்காவில் சொன்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். வெளிநாட்டு விருந்தினருக்கான சி படிவத்தை நிரப்பியவன் நான்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்று எனக்குத் தெரியும். அவர் நாக்கில் எந்த ஊர் ஆங்கிலம் இருக்கிறது என்பதைப் பாஸ்போர்ட் சொல்லுமா?

‘உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?’ என்று அங்கேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் விருந்தினரை அப்படிச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அது சரியான பாடம் என்றே நினைக்கிறேன். யாருக்குச் சரி என்பதில்தான் குழப்பம். அண்ணனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது அல்லவா?

அப்புறம் ஒரு நாள் அண்ணனே சொன்னார்: ‘தம்பி, இனிமே நீ அர்த்தம் சொல்ல வேணாம். அவுங்க சொல்றதை அப்படியே சொல்லு. மிச்சத்தை முகத்தைப் பாத்து நான் தெரிஞ்சுக்கிறேன்.’ கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. சரிண்ணே என்றேன்.

அடுத்து வந்த கூட்டத்தில் ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, ‘தட்ஸ் எ ஸ்டீல்!’ என்று வியந்தார். இவ்வளவு மலிவா என்கிற பாராட்டு அது. அதை அப்படியே சொல்வதென்றால், உழைத்துக் களைத்து நிற்கிற மனிதரிடம் ‘திருட்டு’ என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ‘விலை ரொம்ப சகாயமா இருக்குங்கிறாங்கண்ணே’ என்றேன்.

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, ‘அவரு சொன்னது அதுதானா தம்பி?’ என்று கேட்டார்.