அப்பா ஓட்டிய டிராக்டருக்கு என்ன விலை?

மாதத்துக்கு இரண்டு பேராவது படம் அனுப்பிக் கேட்கிறார்கள். கொட்டகை மூலையில் தூசி படிந்து, ஒரு பக்க டயர் காற்றிறங்கித் தரையோடு அமுங்கிப் போன டிராக்டர், பானெட் மேல் காலிச் சாக்குகள். "இது என்ன விலைக்குப் போகும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அதே வண்டி பழைய இரும்புக்காரருக்கு ஒரு டன் சொச்சம் எடை. கொஞ்சம் நிலத்தில் புல் வெட்டவும் ஏர் ஓட்டவும் வண்டி தேடுபவருக்கு அது ஒரு இன்ஜினும் ஹைட்ராலிக்கும். சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து அதே மாடலின் ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு அது வேறு ஏதோ. மூவரும் மூன்று விலை சொல்வார்கள், மூன்றும் நியாயமான விலைதான். பேரம் முறிவது எப்போது என்றால், விற்பவர் மூன்றாவது ஆள் தரும் விலையை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளிடம் பேசும்போது.

"ரொம்பப் பழசு சார், அதனால் மதிப்பு அதிகம்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாதம். பழசு என்பதற்காக மட்டும் யாரும் காசு தருவதில்லை. ஃபோர்ட்சன் மாடல் எஃப் 1917இல் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, விவசாய வரலாற்றையே மாற்றிய வண்டி. ஆனால் ஹென்றி ஃபோர்டு அதைக் காரைப் போலவே வரிசையாகச் செய்து தள்ளினார். 1922இல் போட்டியாளர்களை ஒழிக்க 395 டாலருக்கு இறக்கினார். 1928இல் அமெரிக்காவில் உற்பத்தியை நிறுத்துவதற்குள் ஏழு லட்சத்துக்கும் மேல் வெளியே வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் எவ்வளவோ பழைய டிராக்டர்கள் இரும்புக்காக உருக்கப்பட்ட பிறகும் ஃபோர்ட்சன்கள் மிச்சம் இருக்கின்றன. அதை ஓட்டி வளர்ந்த தலைமுறைதான் மிச்சம் இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கதை ஒன்று உண்டு. 1938இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ்-மோலின் கம்பெனி யுடிஎல்எக்ஸ் என்று ஒரு டிராக்டரை விட்டது. மூடிய கேபின், ஹீட்டர், ரோட்டில் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகும் வேகம். பகலில் உழுதுவிட்டு மாலையில் அதிலேயே டவுனுக்குப் போகலாம் என்பது யோசனை. விவசாயிகள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். சுமார் 150தான் செய்தார்கள். இன்று ஏலத்துக்கு ஒன்று வந்தால் சேகரிப்பவர்கள் லட்சம் டாலருக்கு மேலும் கொடுக்கிறார்கள். அன்றைக்கு எவனும் வாங்காததால்தான் இன்றைக்கு இந்த விலை! உங்கள் கொட்டகையில் நிற்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது எல்லோரும் வாங்கிய வண்டி, நன்றாக இருந்ததால்தான் எல்லோரும் வாங்கினார்கள்.

சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1958இல் எட்மண்ட் ஹிலாரி இந்த வண்டிகளுக்குச் சக்கரப் பட்டை மாட்டித்தான் தென்துருவம் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு பெரிய கதை இருந்தும், எண்ணிக்கை காரணமாக அது பெரிய விலைக்குப் போகாது. ஆனால் ரொம்பக் கீழேயும் போகாது. கலப்பை போன்ற கருவிகளை மாட்ட ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த மூன்று புள்ளி இணைப்புதான் இன்றும் கிட்டத்தட்ட எல்லா டிராக்டரின் பின்னாலும் இருக்கிறது, இன்று கடையில் வாங்கும் சிறிய கலப்பையை அப்படியே மாட்டலாம், உதிரி பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. எழுபது வயதில் வேலை பார்க்கிற வண்டிக்கு எடை விலை பேச முடியாது இல்லையா.

வேலைக்காக வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் கிளட்சை மிதித்தால் பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டான பி.டி.ஓ.வுக்கும் இன்ஜினிலிருந்து வரும் இழுவை நின்றுபோகும். புல்வெட்டி மாட்டியிருந்தால் அதைவிட மோசம்: கனமான பிளேடு தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு, கிளட்ச் மிதித்த பிறகும் வண்டியை முன்னால் தள்ளும். வேலி ஓரத்தில் முதல் தடவை இது நடக்கும்போது வயிற்றைக் கலக்கும். ஒரு திசையில் மட்டும் இழுவையைக் கடத்துகிற கப்ளிங் ஒன்றை பி.டி.ஓ.வுக்கும் புல்வெட்டிக்கும் நடுவில் போட்டால் சரியாகிவிடும், பெரிய செலவில்லை. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், அவர் அதில் ஏர் மட்டும்தான் ஓட்டியிருப்பார்.

சரி, பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அதுதான். நான் வாங்கப் போன வண்டி பளபளவென்று நின்றது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், மனம் அப்போதே விழுந்துவிட்டது. முன் அச்சில் கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் மேலேயும் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது என் கண்ணில் பட்டது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. நிப்பிள் மேல் பெயின்ட் உடையாமல் இருக்கிறது என்றால் அதற்கப்புறம் அங்கே யாரும் கிரீஸ் வைக்கவில்லை என்று அர்த்தம், அதாவது விற்பதற்காகவே அடித்த பெயின்ட். மூன்றாவது வாரம் பின் டயர் ஒன்று இறங்கியது. கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் கையோடு பெயர்ந்து வருகிறது. பிடிமானத்துக்காக டயருக்குள் தண்ணீரில் கால்சியம் குளோரைடு கலந்து நிரப்புவார்கள், கனம் கூடும், உறையாது; ஆனால் டியூபில் சின்னக் கசிவு இருந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே ரிம்மைத் தின்றுவிடும். மற்ற பக்கமும் அதே கதை. இரண்டு ரிம், இரண்டு டயர், இரண்டு டியூப் சேர்த்து வண்டிக்குக் கொடுத்ததில் பாதிக்கு வந்து நின்றது. விற்றவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து மங்கிப்போன பழைய பெயின்ட்டைக் கண்டால்தான் எனக்கு நிம்மதி. வெயிலில் வெளுத்து, கால் பட்ட இடத்தில் தேய்ந்து இரும்பு தெரியும் வண்டி எதையும் மறைக்கவில்லை. இப்போது சேகரிப்பவர்களில் நிறையப் பேர் அதைத்தான் தேடுகிறார்கள். போய்ப் பார்த்ததும் முதலில் பானெட்டைத் திறக்காதீர்கள், இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், ஆறின பிறகு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். ஆயில் வெளுத்துப் பசை மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் நீளமாக வெல்டிங் கோடு தெரிந்தால், உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்த பிளாக். அப்புறம் சீரியல் நம்பர் தகடு. ஜான் டியரின் உயரமான ஹை-கிராப் போன்ற அரிய வகைகளில், சாதாரண வண்டிக்கு வேறு பாகங்களை மாட்டித் தகட்டையும் மாற்றி விற்கிற ஆசாமிகள் உண்டு. வார்ப்பு இரும்பிலேயே பதிந்த தேதிக் குறியையும் தகட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தகட்டை மாற்றுவது சுலபம், வார்ப்பை மாற்ற முடியாது.

விற்பவர்களுக்கு நான் சொல்வது குறைவு. விற்கிறதுக்காகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்காதீர்கள். அதிகம் கிடைக்கிற மாடலுக்கு இன்ஜின் வேலை, டயர், பெயின்ட் எல்லாம் போட்டால் செலவு விலையைத் தாண்டிவிடும், அந்தக் காசு திரும்பாது. கழுவுங்கள், நல்ல பேட்டரி போடுங்கள், ஸ்டார்ட் ஆகிற மாதிரி வையுங்கள். "போன வருஷம் ஓடியது" என்று நீங்கள் சொன்னால் வாங்குபவர் காதில் அது "ஓடாது" என்றுதான் விழும். கழற்றிப் போட்ட மட்கார்டு, லைட், டூல் பாக்ஸ் எங்கேயாவது கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள், சில மாடல்களுக்கு அந்தத் தகர மட்கார்டுக்காகவே ஆள் வருவார். இணையத்தில் யாரோ போட்டிருக்கும் விலையைக் காட்டிப் பேரம் பேச வேண்டாம். இரண்டு வருஷமாக அதே விலையில் அதே வண்டி நிற்கிறது என்றால் அது விற்காத விலை.

இன்னொன்று, ஆசைக்கும் வயது உண்டு. இரும்புச் சக்கர வண்டிகளைத் தேடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது கேட்பவர்களுக்கு அறுபதுகள், எழுபதுகளில் வந்த வண்டிதான் சின்ன வயது ஞாபகம். ஜான் டியர் 4020 (1963 முதல் 1972 வரை) விலை இறங்காமல் நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். வேலைக்கு வாங்குபவரும் ஞாபகத்துக்கு வாங்குபவரும் ஒரே வண்டிக்கு வந்து நிற்கிறார்கள், அப்படி அமைவது அபூர்வம்.

போன வாரம் படம் அனுப்பியவரிடம் வழக்கம்போல யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "ஆறு வோல்ட் பேட்டரி இப்போது எங்கே கிடைக்கும்?"