பவுசர் வரிசை

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பி வேலிக்குள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னிச் சனம் அடைபட்டிருந்தபோது, எங்களுக்குள்ளேயே ஒரு புதிய அதிகாரம் முளைத்ததைக் கண்ணால் கண்டேன். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்தவரும், காவலரோடு சிங்களத்தில் நாலு சொல் பேசத் தெரிந்தவரும், கைத்தொலைபேசியை ஒளித்து வைத்திருந்தவருமே அங்கே பெரியவர்களாயினர். முள்ளிவாய்க்காலில் எல்லோரையும் இழந்து தனித்து வந்தவர்களின் வாளிகள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. பக்கத்துக் கூடாரத்து அக்கா, கைக்குழந்தையோடு மூன்று நாள் வெறும் வாளியுடன் திரும்பினார். நான்காம் நாள் அம்மா எங்கள் தண்ணீரில் பாதியை அவருக்கு ஊற்றினார். முந்தியடித்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை; ஆனாலும் அன்று நான் வாய் திறக்காமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அந்த அக்காவை அதன்பின் நான் காணவேயில்லை.