அம்மாவுக்குக் கேட்காத குக்கர் விசில்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். நான்காவது வாரம், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "விசில் வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். மூன்று விசில் போயிருந்தது.

சித்தி விஷயம் கேட்டதும் வைட்டமின் ஈ மாத்திரை வாங்கி வந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "கீமோ முடியற வரைக்கும் இது வேண்டாம்மா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. சிஸ்பிளாட்டின் உள்காதில் தங்கி, ஆக்சிஜன் நச்சுகளை உண்டாக்கி, கேட்கும் மயிர்ச் செல்களைக் கொல்கிறது. கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். செத்த செல் மறுபடி முளைக்காது. வைட்டமின் ஈ மாதிரி அந்த நச்சுகளை முறிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் தடுக்கலாம்தான். ஆனால் அதே கவசம் கட்டிக்கும் கிடைத்துவிட்டால்?

இந்தச் சிக்கலுக்குக் குழந்தைகள் விஷயத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கட்டியில் வேலை செய்ய சிஸ்பிளாட்டினுக்கு நேரம் விட்டு, அது முடிந்து 6 மணி நேரம் கழித்து, காதைக் காக்கும் சோடியம் தயோசல்ஃபேட் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். கல்லீரல் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது: செவித்திறன் குறைந்தவர்கள், இந்த மருந்து பெறாதவர்களில் 63 சதவீதம், பெற்றவர்களில் 33. 2022இல் அமெரிக்காவில், பரவாத கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு அனுமதியும் கிடைத்தது. அம்மா வயதுக்காரர்களுக்கு அந்த அனுமதி இல்லை.

முதல் பாட்டிலுக்கு முன்பே ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனையை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அம்மா இப்போது ஆவியைப் பார்த்து விசில் எண்ணுகிறார்.