பாஸ் அவுட்டா, பாஸ் அவேயா?

நேத்து சாயந்தரம் கிளாஸ்ல நடந்தது இன்னும் மனசுலயே நிக்குது. கேரளா-தமிழ்நாடு எல்லைல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறைல நர்ஸிங் முடிச்சிட்டு ஓஇடி (வெளிநாட்டுல வேலைக்குப் போற நர்ஸுங்க, டாக்டருங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சை) எழுதப்போற பிள்ளைங்க நாலு பேருக்கு வீட்டுத் திண்ணைலயே இங்கிலீஷ் சொல்லித்தர்றேன், அந்தப் பரீட்சைல பேசறதுக்கு 2 ரோல்பிளே வரும், ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் போல, அதத்தான் பழகிட்டிருந்தோம். நான் நோயாளியோட மகளா உக்காந்து "மை மதர் பாஸ்டு அவுட் இன் த பாத்ரூம்"னேன். எதிர்ல நர்ஸா இருந்த பொண்ணு அம்மா இறந்துட்டாங்கன்னு நெனச்சு, மொகம் வாடிப்போயி "ஐம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்"னுட்டா.

தப்பு அவ மேல இல்லீங்க. நம்ம பக்கம் பாஸ் அவுட்னா படிப்பு முடிச்சு வெளிய வர்றது. யூகேல ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னா மயங்கி விழுந்தாங்கன்னு அர்த்தம், அவுட்ட எடுத்துட்டு அவே போட்டா ஆளே போயாச்சு. கம் ரவுண்டுன்னா மயக்கம் தெளிஞ்சு முழிக்கறது. திரோ அப்னா வாந்தி, அத "மேல எறி"ன்னு பிரிச்சுப் பாத்தா எங்கிருந்து வெளங்கும்?

எல்லையில வளந்த நமக்கு இது புதுசே இல்ல. ஸ்கூல்ல கூட்டுகாரங்க மலையாளத்துல "பணி கிட்டி"ன்னா வேலை கெடச்சுதுன்னா நெனச்சோம்? மாட்டிக்கிட்டான்னு தெரியும். "ஆகெ குளமாயி"ன்னா எல்லாம் கெட்டுப்போச்சு, குளம் எங்கன்னு யாரும் தேடல. காதுல விழுந்து விழுந்து, சொன்னவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து வந்தது அது. இங்கிலீஷுக்கு மட்டும் ஏன் நீளமா லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கறாங்கன்னு எனக்கு உண்மையாவே கோவம் வருது.

தமிழ் மாதிரியே இருக்கறதுதான் இன்னும் ஆபத்து. "கால வாரி விட்டுட்டான்"னா நமக்கு நம்பவெச்சுக் கழுத்தறுத்தது, அவங்க "புல்லிங் யுவர் லெக்"னா சும்மா கிண்டல், ஒரு தாத்தா பாசமாச் சொல்றத நீங்க புகார்னு எடுத்துக்கக் கூடாது பாருங்க. அப்புறம், துணிய போட்டுக்கறதச் சொல்றப்ப புட் ஆன் இட்னு வராது, புட் இட் ஆன்தான், இதுல இட்டு எப்பவும் நடுவுல.

மறுபடி அதே ரோல்பிளே பண்ணோம். "பாஸ்டு அவுட்"னு நான் சொன்னதும் அவ நாற்காலிய எம்பக்கம் இழுத்துப் போட்டு, விழறப்ப தலைல அடி பட்டுச்சான்னு கேட்டா, அப்புறம் மெதுவா "ஹேஸ் ஷி கம் ரவுண்டு நவ்?"னா.